மைனிய கீழ எறக்கணும்

மைனிக்கு முடியல. எனக்குத் தெரியுது, கைடு குந்தனுக்குத் தெரியல, மைனிக்கே தெரியல, எனக்கு மட்டும் தெரிஞ்சு நான் என்ன செய்ய. முன்னால நாலு எட்டுத் தள்ளிப் போறாக. செவப்பு ஜாக்கெட்டு. ஒழுங்காவா போறாக, இந்தா இடது பக்கம் ஒதுங்குறாக, இந்தா வலது பக்கம் ஒதுங்குறாக, தளும்பத் தளும்ப ஒரு வாளித் தண்ணிய ஒத்தக் கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு நடை. எங்க அண்ணன் பொண்டாட்டி செண்பகவல்லி நடக்குற நடையா இது? கோவில்பட்டியில கடல மிட்டாய் கம்பெனிக்குள்ள அவுக நடந்து வந்தா வேலைக்காரப் பிள்ளைக எல்லாம் பேச்ச நிப்பாட்டிரும், அம்புட்டு நேரா, அம்புட்டு வெரசா நடக்குற பொம்பள. நடுவுல மூட்டம் வந்து மூடிருது. மூடினா ஒண்ணும் இல்ல. மேல வெள்ள, கீழ வெள்ள, பக்கத்துல வெள்ள, புதுசா சுண்ணாம்பு அடிச்ச ரூம்புக்குள்ள கதவு சன்னல் இல்லாம அடச்சுப் போட்ட மாதிரி. அப்புறம் விலகும். செவப்பு தெரியும். தெரியிற எடம் வேற. இப்பத்தான முன்னால போனாக, எப்படிப் பின்னால நிக்காக? யாத்தே, பின்னால எப்படி வந்தாக? மூச்சு வாங்குது. ஒரு மூச்சுச் சத்தம் என்னோடது, ஒண்ணு மைனியோடது, இன்னொண்ணு யாரோடதுன்னு தெரியல, அது கொஞ்சம் லேட்டா வருது. மைனி பாத்துன்னு கத்தணும்போல இருக்கு. கத்தக் கூடாது. நேத்து டீ குடிக்கையில குந்தன் சொன்னான், அவன் கர்வால்காரன், எதுக்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு, கணவாய்க்கிட்ட சத்தம் போடாதீங்க ஆன்ட்டி, ஒண்ணு பனி சரியும், இன்னொண்ணு இந்த மலையில கன்னிப் பொண்ணுக இருக்குதுக, சத்தம் கேட்டா வந்து கூட்டிட்டுப் போயிரும், கூட்டிட்டுப் போனது போனவுகளுக்கே தெரியாதாம், நாம பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருப்பாகளாம். சொல்லிட்டுச் சிரிச்சான். மைனிக்கு ஹிந்தி ஒரு எழுத்துத் தெரியாது, நான்தான் எல்லாத்தையும் தமிழ்ல சொல்லணும், இதையும் சொன்னேன். மைனி சிரிக்கல.

நான் மிலிட்டரிக்காரர் பொண்டாட்டி, டேராடூன்ல வருசக்கணக்கா குப்ப கொட்டுனவ, மல எனக்குப் புதுசா? ஸ்கூல் கிரவுண்டுல காலையில வாக்கிங் வர்ற அம்புட்டுப் பேருகிட்டயும் சொன்னேன், இந்த வருசம் இமயமலைக் கணவாயத் தாண்டிட்டு வந்துதான் மறுவேலைன்னு. அங்க கூட நடக்க வர்ற, நல்லாசிரியர் விருது வாங்குன வாத்தியாரு பொண்டாட்டி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சிரிடி, சிரி. போட்டோவோட வந்து ஒன் மூஞ்சிக்கு நேரா காட்டலன்னா என் பேரு உலகம்மா இல்லன்னு அன்னைக்கே மனசுல நெனச்சுக்கிட்டேன். மைனிதான் நானும் வாரேன்னு கூட ஒட்டிக்கிட்டாக. எதுக்கு வந்தாக? மிட்டாய் கம்பெனிய விட்டு தூத்துக்குடி தாண்டாத பொம்பளைக்கு மலையில என்ன சோலி? எங்க அண்ணன் ரயில்வே ஸ்டேசன்ல வச்சு என் கையப் பிடிச்சுக்கிட்டு, உலகு, ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்கன்னு சொன்னான். அவன் முகத்துல போய் எப்படி முழிப்பேன். மைனிய கீழ எறக்கணும். இப்பவே. குந்தன்கிட்டச் சொன்னாப் போதும், தூக்கிட்டுக்கூட ஓடிருவான். சொல்லலாம்தான். சொன்னா நேத்து நடந்ததையும் சொல்லணும். தினமும் சாயங்காலம் வெரல்ல ஒரு கிளிப்ப மாட்டிப் பாப்பானுக, ரத்தத்துல காத்து எம்புட்டு இருக்குன்னு நம்பர் காட்டும், கொறஞ்சா மேல விட மாட்டானுக. நேத்து அப்படித்தான் புனேக்காரர் ஒருத்தருக்குக் கொறஞ்சுபோச்சு, நல்ல ஆஜானுபாகுவான ஆளு, சின்னப்பிள்ள மாதிரி அழுதாரு, கூட்டத்துக்குக் கடைசியா வர்ற கைடையே தொணைக்குப் போட்டுக் கீழ அனுப்பிட்டானுக. அப்புறம் எங்க டெண்டுக்கு வந்தான் குந்தன். வெளிய ஆலங்கட்டி மாதிரி பனி அடிக்குது. ஜிப்ப சாண் அகலத்துக்குத் தெறந்து, கைய நீட்டுங்க ஆன்ட்டின்னான். ஒரு கை போச்சு. அடுத்த ஆன்ட்டின்னான். அதே கைதான் திரும்பப் போச்சு. ரெண்டு பொம்பளைக, ரெண்டு நம்பரு, ஒத்தக் கை. அவனும் குளுருக்குள்ள எத்தன டெண்டுக்குத்தான் குனிஞ்சு பாப்பான். என் கைதான் அது. மைனி கெஞ்சினாக, ஏட்டி உலகு, எனக்கு வெரலு மரத்துக் கெடக்கு, நம்பர் கொறச்சுக் காட்டும், நீ காட்டிருன்னு. பாவமேன்னு காட்டினேன். அப்படித்தான நடந்துச்சு? அப்படித்தான். ஆனா அந்த ஜிப்பு ஓட்டையில போற கை கண்ணுல நிக்குது, அந்தச் சுட்டு வெரல்ல பாகு பட்ட தழும்பு நீளமா பளபளன்னு தெரியுது, எனக்கு எங்க பாகு பட்டுச்சு? நான் மிட்டாய் கிண்டினதே இல்லையே. வெளிச்சம் அப்படி. டெண்டுக்குள்ள அந்த மஞ்ச வெளிச்சத்துல எல்லாக் கையும் ஒண்ணு போலத்தான் தெரியும்.

பாகு வாசம் அடிக்குது. நெசமா அடிக்குது. வெல்லம் கொதிச்சு, கம்பிப் பதம் வரப்போகையில அடிக்குமே அந்த வாசம். இந்தப் பனிக்குள்ள யாரு அடுப்பு மூட்டுனது? வலது பக்கம் வரிசையா பொம்பளைக குத்த வச்சு உக்காந்திருக்காக, முக்காடு போட்டுக்கிட்டு, ரேசன் கடையில சீனிக்குக் காத்துக் கெடக்குற மாதிரி. பாறைதான். பாறைன்னு எனக்குத் தெரியும். பாறை எதுக்குத் தலையத் திருப்பணும்? பாக்கக் கூடாது. காலப் பாத்து நட உலகு. கால் எங்க? அந்தா கெடக்கு, கீழ, தூரத்துல, யாரோட ஷூவோ நடக்குது, அடியில மாட்டுன முள்ளு சரக்கு சரக்குன்னு பனியக் கடிக்குது, நான் மேலருந்து வேடிக்க பாக்கேன். நல்லாத்தான் நடக்குது. மைனி வந்து என் தோளப் பிடிக்கிறாக. எப்ப வந்தாக? முகத்த முகத்துக்கிட்டக் கொண்டாந்து, ஏட்டி உலகு, ஒனக்கு முடியல, நீ நேரா நடக்கல, அவன்ட்டச் சொல்லுங்குறாக. எனக்கா! கேட்டியா கதைய. மல உசரம் தலைக்கு ஏறிருச்சுன்னு இதத்தான் சொல்லுவாக, அவுக முடியாம இருக்குறத என் தலையில கட்டுறாக. பாவம். மைனி, நான் நல்லா இருக்கேன், நீங்க செத்த உக்காருங்கங்குறேன். வாய் அசையிறது முதல்ல தெரியுது, சத்தம் பெறகு வருது. அந்த முகத்த உத்துப் பாக்கேன். மூக்குத்தி மைனியோடதுதான். புருவத்துல இருக்குற மச்சம் மைனியோடதுதான். எல்லாம் சரியா இருக்கு, அம்புட்டும் சரியா இருந்தும் இது மைனி இல்ல. மைனி முகத்த எடுத்து மாட்டிக்கிட்டு வேற யாரோ நிக்காக. கண்ணு அழுத மாதிரி இருக்கு, மைனி அழுது நான் பாத்ததே கெடையாது, அவுக அப்பா செத்த அன்னைக்குக்கூட அடுப்புல பாகு இருக்குன்னு இருந்து எறக்கி வச்சுட்டுத்தான் போனாக. குந்தன் சொன்ன பொண்ணுக வந்துட்டுப் போயிட்டாளுகளோ? நான் பாக்காத நேரம் பாத்து, மூட்டத்துக்குள்ள வச்சு, ஆள மாத்திட்டாளுகளோ? இது என் கையில கடல மிட்டாயத் திணிக்குது. தின்னுட்டி, தெம்பு வரும்ங்குது. கவரு பிரிய மாட்டேங்குது. என்ன கவரு போடுறாக இப்பெல்லாம். பல்லால கடிக்கப் பாக்கேன், பல்லுல படல, கன்னத்துல போய் இடிக்குது, வாய் வேற எங்கயோ இருக்கு. கீழ விழுந்துருச்சு. கெடக்கட்டும்.

யாரோ கூப்பிடுறாக. குந்தா, குந்தான்னு ஒரு பொம்பளக் குரலு. அடி வயித்துலருந்து வர்ற குரலு, இழுத்து இழுத்து. அந்த முக்காடு போட்டு உக்காந்திருந்தவளுக கூப்பிடுறாளுக போல. பேரச் சொல்லிக் கூப்பிடுறாளுக பாத்தியா, பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காளுக, நான் காதப் பொத்திக்கிட்டேன். எம்புட்டு நேரம் பொத்தினேன்னு தெரியல. கையெடுத்தா குந்தன் நிக்கான். முன்னால போனவன் திரும்பி வந்திருக்கான், மூச்சு எறைக்குது, சிரிப்பக் காணோம். சாமி அனுப்பி வச்ச மாதிரி வந்தியேப்பா. இப்பச் சொல்லிரணும். நம்பர் விசயம் வெளிய வந்தா வரட்டும், கணவாய் போனாப் போகட்டும், அந்த நல்லாசிரியர் பொண்டாட்டி ஊரு பூரா சொல்லிச் சிரிச்சாலும் சிரிக்கட்டும், மைனி உசுரு பெருசு. குந்தன் தம்பி, இவுகளுக்கு மூளைக்கு ஏறிருச்சு, நேத்து நீ பாத்த நம்பரு பொய், வெரல மாத்திக் காட்டிட்டோம், உடனே எறக்குன்னு கோர்வையா, நிதானமா, ஒரு வார்த்த விடாம ஹிந்தியில சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் ஒரு நிம்மதி. அவன் என்னையே பாக்கான். ஆன்ட்டி, ஹிந்தியில சொல்லுங்கங்குறான். ஹிந்தியிலதானடா சொன்னேன்! மைனியப் பாக்கேன். மைனி கண்ணத் தொடச்சுக்கிட்டு, தமிழ்லதாம்ட்டி பேசுற, அதுவும் கொழறுதுங்குறாக. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாக. எப்பச் சேந்தாக? பாஷ தெரியாம எப்படிச் சேந்தாக? மைனி தன் சுட்டு வெரலத் தூக்கிக் காட்டுறாக, ரெண்டு தடவ காட்டுறாக, பெறகு என்னையக் காட்டுறாக. குந்தன் நெத்தியில அடிச்சுக்கிட்டான். அடிச்சுக்கிட்டு ஊனுகம்பால பனியில ஒரு கோடு போட்டான். இது எனக்குத் தெரியும், முத நாளே சொல்லிக் குடுத்தான், ஒரு காலோட குதியும் மறு காலோட நுனியும் ஒட்ட ஒட்ட வச்சுக் கோட்டு மேல நடக்கணும், மூளைக்கு ஏறுனவுக நடக்க முடியாது. நல்லது. இப்பத் தெரிஞ்சுரும். மைனி, நடங்கன்னேன். மைனி நடந்தாக. கம்பெனிக்குள்ள தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்குற சந்துல நடக்குற மாதிரி, ஒரு நூலு பெசகாம, அந்த முனைக்குப் போய் நின்னு திரும்பிப் பாத்தாக. அது எப்படி? இப்ப நீங்க ஆன்ட்டின்னான் குந்தன். நானா? சரி, பாரு. ஒரு காலு வச்சேன். இன்னொரு காலு வச்சேன். நேரா போறேன். நேராத்தான் போறேன், கோடு தான் வளையிது, மல அப்படியே சாஞ்சு எந்திரிச்சு என் கன்னத்துல வந்து முட்டிருச்சு. வாயெல்லாம் பனி.

தள்ளிவிட்டது யாருன்னு கேட்டேன். யாரும் பக்கத்துல இல்ல. குந்தன் கையுறையக் கழட்டி என் வெரல்ல கிளிப்ப மாட்டினான். நம்பர எனக்குக் காட்டல. அவன் மூஞ்சியில எல்லா நம்பரும் எழுதியிருந்துச்சு. வாக்கி டாக்கியில முன்னால போற கைடுகிட்ட கூட்டத்த நீ கூட்டிட்டுப் போ, நான் எறங்குறேன்னான். என்கிட்ட மெதுவா, ஒவ்வொரு சொல்லா, இப்பவே கீழ போகணும் ஆன்ட்டி, இன்னும் மேல போனா ராத்திரி தாங்காதுன்னான். என்ன சொல்றான்னு மைனி கேக்காக. வழக்கம்போல நான்தான சொல்லணும். நீங்க கீழ போகணுமாம் மைனின்னேன். நான் பொய் சொல்லல, எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு, ஆண்டவன் சத்தியமா அப்படித்தான் கேட்டுச்சு. மைனி என்னைய விட்டுட்டுக் குந்தனப் பாத்து, பெருவெரலக் கீழ காட்டி, பெறகு என் நெஞ்சுல வச்சாக. அவன் தலையாட்டினான். அம்புட்டுத்தான், பேச்சு முடிஞ்சுபோச்சு, நான் தேவையே இல்ல. கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்! தலை வலிக்கல, வாந்தி வரல, எல்லாம் தெளிவா இருக்கு, இம்புட்டுத் தெளிவா என்னைக்கும் இருந்ததே இல்ல. நீங்க கேட்டதுனாலதான நேத்து வெரலக் காட்டினேன்னு கத்தினேன். மைனி என் ரெண்டு கன்னத்தையும் பிடிச்சுக்கிட்டாக. நான் எங்கட்டி கேட்டேன், நீதான் என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுத, மைனி ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன், என்னைய எறக்கிட்டா நான் எப்படித் தலை காட்டுவேன்னு அழுத, மனசு கேக்காம காட்டித் தொலச்சேன், எம் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்னாக. அப்படியா. நான் நெனச்சுப் பாக்கேன். ஜிப்பு. மஞ்ச வெளிச்சம். கை. கால்ல விழுந்து கெடக்குறது யாருன்னு பாக்கேன், புனேக்காரர் மூஞ்சி தெரியுது, மைனி மூஞ்சி தெரியுது, என் மூஞ்சி தெரியல, என் மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும்? இவுக சொல்றது நெசம்னா என் மூளை கெட்டுப்போச்சு. கெட்டுப்போன மூளைதான் கெடலன்னு சொல்லுது. இத எத வச்சுச் சரி பாக்க? இருக்குறது ஒரு மூளை. பழுதான தராச அதே தராசுல வச்சா நிறுக்க முடியும்? என் கண்ணு, என் காது, எல்லாம் மைனிக்குத்தான் முடியலன்னு அடிச்சுச் சொல்லுது, இந்த நிமிசம்கூடச் சொல்லுது, இந்த மனுசி மைனியே இல்லன்னு சொல்லுது. என்னைய நம்புறதா, மைனி முகத்த மாட்டிக்கிட்டு நிக்குற இதை நம்புறதா? இது முந்தானை இல்லாததால கையுறையால என் மூக்கத் தொடச்சு விடுது. சளி ஒழுகியிருக்கு போல. அது எனக்குத் தெரியவே இல்ல. சரி மைனி, வாரேன்னேன். நம்பிச் சொல்லல. தொடச்சு விட்டதுக்காகச் சொன்னேன்.

எறங்குறோம். குந்தன் முன்னால, நான் நடுவுல, மைனி பின்னால. என் இடுப்புல கயிறு, ஒரு முனை அவன்கிட்ட, ஒரு முனை மைனிகிட்ட, சந்தைக்கு மாட்டப் பத்திட்டுப் போற மாதிரிக் கூட்டிட்டுப் போறாக. மானம் போகுது. நல்லவேள மூட்டம், பாக்க ஆளு இல்ல. மனசுக்குள்ள ஒரு குரலு விடாம சொல்லுது, ஒன்னைய ஏமாத்துறாக, கயித்த அவுத்துட்டு ஓடுன்னு. அது என் குரலு மாதிரியே இருக்கு. ஏறி வந்த தடம் பனியில அப்படியே கெடக்கு. எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா மிதிச்சு மிதிச்சு ஒத்தையடிப் பாதையாட்டம் பள்ளமா கெடக்கு. அத ஒட்டித் தனியா ஒரு சோடித் தடம். பாதைய விட்டு எறங்குது, ஏறுது, குறுக்க வெட்டி அந்தப் பக்கம் போகுது, ஒரு எடத்துல நின்னு வட்டமாச் சுத்தியிருக்கு. எந்தக் கிறுக்கு மூதி இப்படி நடந்துச்சுன்னு வாய் விட்டே கேட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் எறங்கினா, அந்தத் தடம் பாதைய மொத்தமா விட்டுருது. இப்பத் தள்ளாட்டம் இல்ல. நேரா, எட்டு எட்டா, யாரோ கைகாட்டிக் கூப்பிட்டுப் போன மாதிரி நேரா, மலையோட ஓரத்துக்குப் போகுது. ஓரத்துக்கு அங்கிட்டு ஒண்ணும் கெடையாது. கீழ எங்கயோ தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. ஓரத்துக்கு ஒரு முழம் இருக்கையில தடம் நின்னுருது. அந்த எடத்துல பனி கலைஞ்சு கெடக்கு, யாரோ முட்டி போட்டு விழுந்த குழி ரெண்டு, வெரலால பிறாண்டுன கோடு, அங்கருந்து பாதை வரைக்கும் ஒரு மூட்டைய இழுத்துட்டு வந்த மாதிரித் தாரை. நான் நின்னுட்டேன். கயித்த இழுத்துப் பாத்துட்டுக் குந்தனும் நின்னான். மைனி, இது யாருன்னேன். நடட்டிங்குறாக. மைனிக்குச் சின்னக் காலு, எங்க வீட்டாளுகளுக்குத்தான் அகலப் பாதம். நான் பாதையோரமா இருந்த ஒரு தடத்துல என் கால வச்சேன். வேணும்னே கோணலா வச்சேன், சேரக் கூடாதுன்னு. கால் தன்னால திரும்பி உள்ள போய் உக்காந்துச்சு, முள்ளு பதிஞ்ச ஓட்டைக்குள்ள என் முள்ளு அத்தனையும் போய் எறங்குச்சு. எப்பப் போனேன்? யாரு கூப்பிட்டாக? ஒரு துளி ஞாபகம் இல்ல. திரும்பி மைனியப் பாத்தேன். பேண்டு முட்டி ரெண்டும் கிழிஞ்சு, பனி ஒட்டி, உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. மைனிதான். வேற யாரும் இல்ல, மைனியேதான்.

"மைனி, எனக்குப் பயமா இருக்கு."

"வந்துருச்சா?" மைனி கயித்தக் கையில இன்னொரு சுத்துச் சுத்திக்கிட்டாக. "அந்த ஓரத்துக்குச் சிரிச்சுக்கிட்டே போனட்டி நீ. பயந்துக்கிட்டே எறங்கு."